பெயர்கள் ஓடி முடியும்வரை

மன்னிக்கு ஓர் அண்ணன் இருந்தார். அவர் சினிமா மோகத்தில் வீட்டைவிட்டுப் போய்விட்டார். படம் பார்க்கும்போதெல்லாம் மன்னி திரையில் அவருடைய பெயரைத்தான் தேடுகிறாள். எங்கள் குடும்பம் வெகுகாலம் இப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தது.

மன்னி என் அண்ணாவின் மனைவி. திருச்சியில் பிறந்து, கல்யாணமாகிக் கல்கத்தா லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்தவள். வந்த முதல் மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு எல்லோரும் போனோம். அந்நாளில் கல்கத்தாவில் தமிழ்ப் படம் வருவதே அபூர்வம். ஞாயிறு காலையில் ஒரே ஒரு காட்சி போடுவார்கள், பார்த்தால் உண்டு. பெயர்கள் அப்போதெல்லாம் படத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும். புதுப்பெண் பேச்சை நிறுத்தி, உதடு அசையாமல், இசையமைப்பாளர் முதல் சாப்பாடு ஏற்பாடு செய்தவர் வரை ஒன்று விடாமல் படித்ததை அம்மா பக்கத்து நாற்காலியிலிருந்து கவனித்தாள். வீட்டுக்கு வந்ததும் எங்களைத் தனியே அழைத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"பாவம், அண்ணாவைத் தேடறா."

ஆதாரம் இருந்தது. பெண் பார்க்கும் பேச்சின்போது இடையில் நின்ற மாமா, "பொண்ணோட அண்ணா கோடம்பாக்கத்துல இருக்கான்" என்று சொல்லியிருந்தார். கல்யாணத்துக்கு அந்த அண்ணன் வரவில்லை. மூன்று தலைமுறையாகக் கல்கத்தாவில் இருந்து, சென்னையைப் பத்திரிகைகளிலும் படங்களிலும் மட்டுமே அறிந்த எங்களுக்குக் கோடம்பாக்கம் என்றால் ஒன்றே ஒன்றுதான். எங்கள் சித்தப்பா, வங்காளப் படங்கள் எடுக்கும் டாலிகஞ்சில், ஸ்டூடியோ மதிலுக்கு எதிர்ச் சாரியிலேயே குடியிருந்து, ஆயுள் முழுவதும் இன்ஷூரன்ஸ் அலுவலகத்துக்குப் போய்வந்தவர். அந்த உதாரணம் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மா கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அந்த அண்ணனுக்காக ஓர் அர்ச்சனை செய்தாள். பெயரும் நட்சத்திரமும் கேட்டால் மன்னியின் மனம் நோகும் என்று, "எங்க மாட்டுப்பொண்ணோட தமையன்" என்று மட்டும் குருக்களிடம் சொல்லிவைத்தாள்.

சில வருஷம் கழித்து அந்த அண்ணன் ஒரு நாள் காலை முறுக்கு டப்பாவுடன் வாசலில் வந்து நின்றார். மின்வாரியத்தில் வேலை. கல்யாணச் சமயத்தில் மஞ்சள் காமாலை. அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்க, "கடைசியிலே கெடைச்சேளே" என்றாள்.

அவர் திகைத்துப்போனார். "ஹௌரால டாக்ஸி கெடைக்கக் கொஞ்சம் நேரமாயிடுத்து மாமி. வேற ஒண்ணுமில்லை."

அன்று மாலை நான் மன்னியிடம் கேட்டே விட்டேன்.

"அப்போ எதுக்கு மன்னி அத்தனை பேரையும் படிக்கறே?"

"அவாதானே பண்ணினா?" என்றாள். கேள்வியே அவளுக்கு விசித்திரமாக இருந்தது. "ஒருத்தர் ஆத்துல சாப்பிட்டா யார் சமைச்சான்னு கேக்க மாட்டோமா?"

அவ்வளவுதான் மன்னி. அவளைப் பற்றி எழுத வேறெதுவும் தேவையில்லை என்றுகூடத் தோன்றுகிறது. ஆனால் இந்த ஒன்றை அவள் எங்கெல்லாம் தூக்கிக்கொண்டு போனாள் என்பதைச் சொன்னால்தான் அவள் உருவம் முழுமையாகும்.

லேக் மார்க்கெட்டில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. வந்த புதிதில் அவள் கற்றுக்கொண்ட முதல் வங்காளி வாக்கியம், விலை கேட்பதற்கானது அல்ல. "கே பானியேச்சே?" யார் செய்தது என்று அர்த்தம். அப்பளக் கட்டைக் கையில் எடுத்தாலும், துடைப்பத்தைத் தட்டிப் பார்த்தாலும், மண்சட்டியைச் சுண்டிப் பார்த்தாலும் இதே கேள்விதான். கடைக்காரர்கள் சிரிப்பார்கள். "இதோ வராங்க, கே-பானியேச்சே பௌதி" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். பௌதி என்றால் அண்ணன் மனைவி. வீட்டில் நாங்கள் அழைத்ததையே கடைத்தெருவும் அதன் மொழியில் அழைத்தது. இரண்டு பக்கமும் அவளுடைய சொந்தப் பெயருக்கு வேலையே இல்லாமல் போயிற்று. தமிழ்ச் சங்க மலரில் ஒரு முறை கோலப் போட்டிக்கு உழைத்ததற்காக அவள் பெயரைத் தனியாகப் போட நினைத்தபோது, "தனியா என் பேரை மட்டும் போடாதேங்கோ. போட்டா எல்லார் பேரையும் போடுங்கோ, இல்லாட்டா விட்டுடுங்கோ" என்றாள். இடமில்லை என்று விட்டுவிட்டார்கள். நானும் இங்கே அதைப் பின்பற்றுகிறேன்.

அதிகாலை லோக்கல் ரயிலில் கீரையும் வாழைப்பூவும் கொண்டுவந்து நடைபாதையில் பரப்பும் பெண்களிடம் அவள் பேரம் பேசியதே இல்லை. கேள்விக்கு அவர்களிடம் பதில் இருந்தது; எந்த ஊர்த் தோட்டம், யார் பறித்தது, நேற்றா இன்றா என்று சொல்வார்கள். அவளுடைய வழக்கெல்லாம் குளிரூட்டிய கடைகளோடுதான்.

நவராத்திரிக்கு எனக்குப் புடவை எடுக்க ஒரு பெரிய மாலுக்குப் போயிருந்தோம். கைத்தறிப் பிரிவில் ஒவ்வொரு புடவையிலும் ஓர் அட்டை தொங்கியது. அட்டையில் தறிக்கு முன்னால் உட்கார்ந்து சிரிக்கும் ஓர் அம்மாளின் படம். 'ஒவ்வொரு இழையிலும் ஒரு கதை' என்று கீழே அச்சிட்டிருந்தார்கள். மன்னி ஒரு புடவையைப் பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள். பிறகு வரிசையாக எல்லா அட்டைகளையும் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனாள். விற்பனைப் பெண் ஓடி வந்தாள்.

"இந்த அம்மாதான் நெஞ்சாளா?" என்று மன்னி ஹிந்தியில் கேட்டாள்.

"ஆமாம் ஆண்ட்டி, எல்லாம் கையால் நெய்தது."

"எல்லாம் இவளேவா?"

அந்தப் பெண் அட்டையை முதன்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "இல்லை ஆண்ட்டி. இது... மாடல்."

"அப்போ நெஞ்சவ எங்கே?"

மேற்பார்வையாளர் வந்தார், அவருக்கு மேலிருந்தவரும் வந்தார். இருவருக்கும் தெரியவில்லை. மன்னி குரலை உயர்த்தவே இல்லை. என் கையிலிருந்த மயில்கழுத்து நிறப் புடவையை மடித்துக் கொடுத்துவிட்டு, "தெரிஞ்சுண்டு சொல்லுங்கோ, வரோம்" என்று சொன்னாள். வெளியில் வந்ததும் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

"அது நன்னா இருந்தது மன்னி."

"ரொம்ப நன்னா இருந்தது," என்று ஒப்புக்கொண்டாள். "அதனாலதான் கேட்டேன். நன்னா இல்லாததை யார் பண்ணினா எனக்கென்ன?"

இதை வைத்து அவளை ஒரு கறார்ப் பேர்வழி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வாங்கும் ஒவ்வொன்றின் வேரையும் கண்டுவிட முடியும் என்ற மயக்கம் அவளுக்கு இருந்ததில்லை. மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் மூடிவிட்டார்கள், பறிக்கிற பெண்கள் நடுத்தெருவில் நிற்கிறார்கள் என்று செய்தியில் படித்துவிட்டு, எங்கள் தேயிலை எந்தத் தோட்டத்தது என்று கடைக்காரரைக் கேட்டாள். அவர் கலவை என்றார். அன்று முதல் வீட்டில் டீ நின்றது. அண்ணா, காப்பி மட்டும் மரத்திலிருந்து தானாகவே டிகாக்ஷனாக இறங்குகிறதா என்று கேட்டார். மன்னி யோசித்துவிட்டு, அதையும் விசாரிக்க வேண்டியதுதான் என்று சொன்னதும் அண்ணா பயந்து பேச்சை மாற்றினார். புது ஃபோன் வாங்கிய நாளில் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். "இதை யார் பண்ணினான்னு எனக்குத் தெரியாது. தெரியலைங்கறதைத் தெரிஞ்சுண்டு வாங்கறேன், அவ்வளவுதான்" என்றாள். பிறகு அதில் தன் அண்ணாவைக் கூப்பிட்டு, கோடம்பாக்கத்தில் மழையா என்று விசாரித்தாள்.

செருப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோல் தொழிலாளர்கள் சிலர் சேர்ந்து நடத்திய ஒரு சிறிய கடையை எங்கோ தேடிக் கண்டுபிடித்து, யார் வெட்டியது, யார் தைத்தது என்று ஆட்களையே நேரில் பார்த்து, ஒரு ஜோடிச் செருப்பு வாங்கிவந்தாள். வீடு முழுவதற்கும் காட்டினாள். அந்த வாரமே ஒரு படத்துக்குப் போய்த் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. எங்கள் சந்தில் கணுக்கால், பிறகு முழங்கால் என்று தண்ணீர் ஏறும், ஆண்டுதோறும் நடப்பதுதான். வீட்டுக்குச் சற்று முன்னால் மன்னியின் இடது செருப்பின் வார் பிய்ந்து, செருப்பு காலைவிட்டு நழுவி மிதந்து போனது. முனையில் சாக்கடை மூடிக்கு மேலே தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது. செருப்பு அங்கே போய் நின்றது, ஒரு சுற்றுச் சுற்றியது, எந்தப் பக்கம் போவது என்று தீர்மானிப்பதுபோல ஒரு கணம் தயங்கியது, பிறகு பெரிய தெருப் பக்கம் போய்விட்டது. அண்ணாவின் தோளில் உட்கார்ந்திருந்த அவர்கள் மகள் மைதிலிக்கு அப்போது நாலைந்து வயதிருக்கும். அந்தச் செருப்பு கண்ணுக்கு மறையும்வரை யாரையும் நகர விடவில்லை.

எங்களுக்கு ஒரே கொண்டாட்டம்.

"தர்மச் செருப்பு கங்கைக்குப் போயிடுத்து," என்றார் அண்ணா.

"நல்ல மனுஷா பண்ணினா நன்னா இருக்கும்னு நான் எப்போ சொன்னேன்?" மன்னி ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, நனைந்த கொசுவத்தோடு, நிதானமாகப் பதில் சொன்னாள். "யார் பண்ணினான்னு தெரியும். அதனால யார்கிட்ட போய்ச் சொல்லணும்னும் தெரியும்."

தண்ணீர் வடிந்ததும் போனாள். உங்கள் தையல் மழைக்கு ஆகாது என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னாள். அங்கேயே இன்னொரு ஜோடியும் வாங்கிக்கொண்டு வந்தாள். இந்த இரண்டும் எப்படி ஒரே மனுஷியிடம் இருக்க முடியும் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

சினிமாவிலும் இதே கதைதான். பெரிய நட்சத்திரத்தின் பெரிய படம் வருகிறது என்றால் மன்னிக்கு ஒரு வாரம் முன்பே முகத்தில் களை வந்துவிடும். லேக் மார்க்கெட்டில் மல்லிகைச் சரம் வாங்கி வைத்துக்கொண்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு கிளம்புவாள். எந்தப் படமும் மோசமாக இருக்கப்போகிறது என்று நினைத்து அவள் ஒரு நாளும் படியேறியதில்லை. இறங்கும்போது பெரும்பாலும் வாடிய முகத்தோடுதான் இறங்குவாள். காலப்போக்கில் படங்கள் பெரிதாகிக்கொண்டே போயின. கதாநாயகன் ஒற்றைக் கையால் ரயிலை நிறுத்தினான், பிறகு கப்பலை, பிறகு மலையை. இந்த மாற்றங்களோடு பெயர்களும் படத்தின் முன்னாலிருந்து பின்னால் போய்ச் சேர்ந்தன. மன்னியும் அதற்கேற்ப மாறினாள். முன்பு பெயர் போடுவதற்குள் போய் உட்கார வேண்டும் என்று எங்களை விரட்டியவள், இப்போது பெயர் முடியாமல் எழுந்திருக்க மறுத்தாள். விளக்குப் போட்டு, கதவு திறந்து, ஜனம் முழுவதும் போன பிறகும் அவள் மட்டும் கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பாள்.

"மூணு மணி நேரம் நம்மளைப் படுத்தி எடுத்திருக்கான்," என்பார் அண்ணா. "இவாளுக்கு மரியாதை வேறயா?"

"படுத்தினது ரெண்டு மூணு பேர்னா. இவாள்ளாம் வேலை பண்ணினவா." பிறகு கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே, "சினிமாவுல டீ கொடுத்தவர் பேர்கூட வரது. என் சட்டைத்துணியில ஒருத்தர் பேராவது இருக்கா சொல்லுங்கோ" என்பாள்.

பெருக்குவதற்காக வரும் பாருல் என்ற பெண்மணி இவளுக்காகக் கடைசி வரிசையிலிருந்து வேலையைத் தொடங்கப் பழகிக்கொண்டாள்.

இப்படிப்பட்டவளின் மகள் கம்ப்யூட்டரில் மழை செய்யும் வேலைக்குப் போனாள். மைதிலிக்கு ஹைதராபாதில் ஒரு நிறுவனத்தில் இடம் கிடைத்தது. படங்களுக்கு வெள்ளம், அலை, புகை, தூசி எல்லாம் அங்கே உண்டாக்கித் தருவார்கள். தண்ணீர் மைதிலியின் பங்கு. ஒன்றரை வருஷம் ஒரே படத்துக்கு உழைத்தாள். தீபாவளிக்கு வரவில்லை, துர்கா பூஜைக்கு வரவில்லை, ஃபோனில் பேசும்போதே தூங்கிப்போவாள். எந்தக் காட்சி என்று சொல்லக் கூடாதாம், கையெழுத்து வாங்கியிருந்தார்கள். படம் அந்த வருஷத்தின் மிகப் பெரிய படம் என்பது மட்டும் ஊருக்கே தெரிந்திருந்தது.

வெளியாவதற்குச் சில நாள் முன்பு மைதிலி கூப்பிட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன். மன்னி ஸ்பீக்கரில் போட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, லீவு கெடைச்சுடுத்து. உங்களோட உக்காந்து பாக்க வரேன்."

"வா, வா."

"ஒண்ணு கேக்கணும். நீ எல்லாப் படத்தையும் சொல்ற மாதிரி இதைச் சொல்லிடாதே. இது ஒண்ணை மட்டும் நன்னா இருக்குன்னு சொல்லிடேன். எனக்காக."

மன்னியின் கை நின்றது. "படம் எப்படியிருக்கு?"

"தெரியாதும்மா. நாங்க துண்டு துண்டாத்தான் பாத்திருக்கோம். ஆனா நான் அதுக்கு என்னையே கொடுத்திருக்கேன்."

"பாக்கலாம்," என்றாள் மன்னி.

அண்ணா அன்று சாப்பிடும்போது கெஞ்சினார். "ஒரே ஒரு வார்த்தை. குழந்தை எத்தனை மாசமா தூங்கலை தெரியுமா? உன் வாயால நன்னா இருக்குன்னு கேட்டா அவளுக்கு எல்லாம் ஆறிடும்." மன்னி அவருக்கு ரசம் விட்டாள்.

மைதிலி வந்தாள், மெலிந்து, கண்ணுக்குக் கீழே கருத்து. காலைக் காட்சிக்குத் தமிழ்ச் சங்கத்தில் தெரிந்தவர்கள் பலர் வந்திருந்தார்கள். எங்கள் வீட்டுப் பெண் வேலை செய்த படம் என்று அம்மா முன்பே சொல்லிவைத்திருந்தாள். அம்மாவுக்கு முட்டி வலி. வீட்டிலேயே டிவி முன்னால் உட்கார்ந்து, அங்கே ஏதாவது தெரியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் மோசம். இதை நான் இப்போது தயங்காமல் எழுத முடிகிறது. அன்று அந்த இருட்டில் மைதிலியின் பக்கத்தில் உட்கார்ந்து அப்படி நினைப்பதே துரோகமாக இருந்தது. இடைவேளையில் சங்கத்துக்காரர்கள் வந்து "பிரம்மாண்டம், பிரம்மாண்டம்" என்றார்கள். வேறு சொல் அகப்படவில்லை. மைதிலி மன்னியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் ஒன்றும் இல்லை.

கடைசியில் பெயர்கள் ஏறத் தொடங்கின. இந்த முறை எங்கள் கூட்டத்தில் யாரும் வெளியே கிளம்பவில்லை. அண்ணா எழுந்து நின்றே படித்தார். மைதிலியின் நிறுவனத்தின் பெயர் வந்தது. அதன் கீழே சில பெயர்கள் வந்தன. பிறகு வேறொரு நிறுவனம், பிறகு ஓட்டுநர்கள், பிறகு நன்றி. பிறகு வெள்ளைத் திரை. விளக்குப் போட்டார்கள். மற்றவர்கள் எங்களைப் பார்க்காமல் நழுவினார்கள்.

"கம்பெனிக்கு இத்தனை பேர்னுதான் இடம் கொடுப்பா, அத்தை," என்று மைதிலி என்னிடம் சொன்னாள். "மேல இருக்கறவா பேர் மட்டும்தான் போகும். எனக்கு முன்னாடியே தெரியும்."

தெரிந்தவள் குரலாக அது இல்லை.

"போலாமா?" என்றார் அண்ணா.

"இருங்கோ." மன்னி மகள் பக்கம் திரும்பினாள். "உன்கூட வேலை பண்ணினவா யார் யாரு?"

"ஒரு ரூம் நிறைய இருந்தோம்மா."

"பேரைச் சொல்லு."

"இப்பவா? எல்லாரும் பாப்பாளே."

"யாரு பாக்கப்போறா? எல்லாரும் லிஃப்டுகிட்ட நிக்கறா. நீ சொல்லு."

மைதிலி எங்களைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். பிறகு ஆரம்பித்தாள். ஸ்ரீகாந்த். ரம்யா. பிஜு. நஸீர், புகை முழுக்க அவன்தான். முதலில் முணுமுணுப்பாக வந்தது. போகப்போகக் குரல் தெளிந்தது. ஒவ்வொரு பெயருக்கும் மன்னி, திரையில் படிக்கும்போது செய்வதுபோலவே, லேசாகத் தலையசைத்தாள். சிலருக்கு மைதிலி நினைத்து நினைத்து முழுப் பெயரை வரவழைத்தாள். சிலருக்குச் செல்லப்பெயர்தான் தெரிந்திருந்தது.

பாருல் துடைப்பத்தோடு எங்கள் வரிசை வரை வந்துவிட்டாள். "ஆர் கொத்தோ நாம், பௌதி?" இன்னும் எத்தனை பெயர் என்றாள், அடுத்த காட்சிக்கு நேரமாகிவிட்டது.

"கொஞ்சம் பொறு பாருல்," என்று மன்னி வங்காளியில் சொன்னாள். "என் பொண்ணு பண்ணின படம்."

அந்த வாக்கியத்தை அவள் சொன்ன விதம் எனக்கு மறக்காது. மாட மாளிகை கட்டியவர்கள்கூட அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். பாருல் துடைப்பத்தை நாற்காலிமேல் சாய்த்துவிட்டு நின்று கேட்டாள். கடைசியில் மைதிலி தன் பெயரைச் சொன்னாள். மன்னி அதற்கும், மற்றவற்றுக்குப் போலவே, அதே அளவு தலையசைத்து எழுந்தாள்.

லேக் மார்க்கெட்டில் வழக்கமான ஹோட்டலில் உட்கார்ந்தோம். தோசை வந்தது. எவரும் படத்தைப் பற்றிப் பேசவில்லை. அண்ணாவால் பொறுக்க முடியவில்லை.

"எனக்கு ரொம்பப் பிடிச்சுது. என்ன ஒரு... என்ன ஒரு..." என்று தேடினார்.

"படம் நன்னா இல்லை," என்றாள் மன்னி.

மைதிலி கையிலிருந்த விள்ளலைத் தட்டிலேயே வைத்தாள்.

"அவனுக்கு என்ன வேணும்னு எனக்குக் கடைசிவரைக்கும் புரியலை. அவனுக்கே புரியலை. ஊரே எரியறது, பாட்டு பாடறான்."

"அம்மா, நான் கேட்டேனே."

"கேட்டே. இதுல பொய் சொன்னா, அடுத்தாப்பல சொல்லப்போறதையும் நீ பொய்யின்னுதானே எடுத்துப்பே?"

"என்ன அடுத்தாப்பல?"

"அந்த மழை நீ பண்ணினது."

மைதிலி அசையவில்லை. அந்தப் படத்தில் மழை பல இடங்களில் பெய்தது. புயல்கூட ஒன்று இருந்தது. "எந்த மழை?" என்றாள், மிகவும் ஜாக்கிரதையாக.

"சண்டைக்கு முன்னாடி, அந்தச் சந்துல தண்ணி ஏறறதே. யாருமே இல்லாத எடம். ஒரு செருப்பு மிதந்துண்டு வரது. சாக்கடை மூடிகிட்ட நிக்கறது, ஒரு சுத்து சுத்தறது, எங்கே போறதுன்னு யோசிக்கறது, அப்பறம் போறது. இடது கால் செருப்பு. வார் பிஞ்சது." மன்னி காப்பியை ஆற்றினாள். "அது நம்ம சந்து. அது என் செருப்பு. அதைப் பண்ணினவ அதை எங்கே உக்காந்துண்டு பாத்தான்னு எனக்குத் தெரியும். அந்த அரை நிமிஷத்துக்கு நான் இன்னொரு தரம் டிக்கெட் வாங்குவேன்."

மைதிலிக்குக் கண் நிறைந்துவிட்டது. அதே சமயம் சிரிப்பும் வந்தது. "நான் வெளியில சொல்லக் கூடாதும்மா. கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"நீ எங்கே சொன்னே? நான்னா சொன்னேன்? தோசை ஆறிப்போறது, சாப்பிடு."

அவள் அதோடு விடவில்லை. பெயர் விட்டுப்போனது தவறு, தவறை அதைச் செய்தவரிடம்தானே சொல்ல வேண்டும் என்றாள். தியேட்டர் மேலாளரிடம் போனாள். "நாங்க வெறுமே படம் போடறவங்க பௌதி" என்றார் அவர். வேறு யாரிடம் சொல்வது என்பது அவருக்குத் தெரியவில்லை. "புடவைக் கடையிலயும் இதையேதான் சொன்னா," என்று முனகிக்கொண்டே வந்தாள். ஆனால் ஹைதராபாதுக்குத் திரும்பிய மைதிலிக்கு யாரிடம் கேட்பது என்று தெரிந்திருந்தது. அடுத்த படத்துக்கு முன்னால் அவளும் அவள் அறைக்காரர்களும் ஒன்றுகூடிப் போய் மேலே இருப்பவர்களைக் கேட்டார்கள். எளிதில் நடக்கவில்லை, ஒருவருக்கு வேலைகூடப் போயிருக்க வேண்டியது, எப்படியோ தப்பியது. அந்தப் படம் வந்தபோது சில பெயர்கள் கூடுதலாக வந்தன.

அதை மன்னி பார்த்தாள். உடம்பு அப்போதே தளர்ந்திருந்தது. அண்ணா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக அழைத்துப்போனோம். மல்லிகைச் சரம் இருந்தது. படம் முன்னதைவிடச் சற்றுத் தேவலை, அவ்வளவுதான். கடைசியில் மைதிலியின் பெயர் கீழேயிருந்து ஏறி, எங்கள் கண்ணுக்கு நேரே வந்து, மேலே போயிற்று. அண்ணா கைதட்டினார். மன்னி கடைசி வரி வரை படித்து முடித்துவிட்டு, "நஸீரைக் காணோம்," என்றாள்.

லிஃப்டில் இறங்கும்போதுதான் கவனித்தேன், அவள் என் கையைப் பிடித்திருந்தாள். நடக்கத் துணைக்குப் பிடிப்பதைவிட அது பலமாக இருந்தது. கீழ்த்தளம் வந்தும் விடவில்லை.

மன்னி போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. லேக் மார்க்கெட்டில் மண்சட்டிக்காரர் என்னைப் பார்த்தால் நான் கேட்பதற்கு முன்பே, இது எந்த ஊர்ச் சட்டி, யார் வனைந்தது என்று சொல்லிவிடுகிறார். மைதிலி ஒவ்வொரு படம் முடிந்ததும் அழைத்து, யார் யார் பெயர் வந்திருக்க வேண்டும் என்று ஃபோனில் வாசிக்கிறாள். நஸீர் பெயர் இப்போது வருகிறது. பெரிய படம் வந்தால் நாங்கள் போகிறோம், காலைக் காட்சிக்கு. பெரும்பாலும் ஏமாற்றம்தான். பெயர்கள் ஏறத் தொடங்கியதும் ஜனம் எழுந்துவிடுகிறது. கடைசி வரி மறைந்து திரை வெள்ளையாகும்போது அரங்கில் இருப்பவர்கள் அண்ணா, நான், பாருல்.